மலையேறாத எண்

நுவரெலியாவைச் சார்ந்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, மலையேறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று வைத்தியரிடம் செல்கிறாள் எனக் கொள்க. குருதிப் பரிசோதனைத் தாள் வருகிறது. நூறு மில்லிலீற்றர் குருதியில் ஹீமோகுளோபின் 12.4 கிராம், பக்கத்திலே '12 முதல் 15 வரை' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. எண் எல்லைக்குள்ளே நிற்கிறது. கோளாறு ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு தாளை மடித்துக்கொண்டு அவள் லயத்துக்குத் திரும்புகிறாள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா?

பெரும்பாலான பரிசோதனைகளின் எல்லை வகுக்கப்படும் முறை எளியது. நோயற்றவர் பலரைச் சோதித்து, மிகக் குறைந்த இரண்டரை வீதத்தையும் மிகக் கூடிய இரண்டரை வீதத்தையும் ஒதுக்கி, இடைப்பட்ட 95 வீதத்தினரின் அளவையே எல்லையாகக் கொள்வர். ஆகவே, சுகதேகிகளிலும் இருபதுக்கு ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பது இயற்கை. பின்லாந்து அறிஞர்களான கிரேஸ்பெக்கும் சாரிஸும் 1969இல், 'இயல்பு அளவு' என்னும் பெயரை விடுத்து 'ஒப்பீட்டு அளவு' என்று வழங்கலாயினர். நல்ல மாற்றம். யாரோடு ஒப்பீடு என்ற கேள்வி உடனே எழுகிறதல்லவா?

கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்தது கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு. உயரம் ஏறஏறக் காற்று ஐதாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. அதை ஈடுசெய்ய உடல் செங்குருதிக் கலங்களை மிகுதியாக ஆக்குகிறது. 1890இல் பிரெஞ்சு வைத்தியர் வியோ, பெரு நாட்டின் மலைகளில் சில வாரங்களுக்குள்ளேயே இம்மாற்றத்தைக் கண்டறிந்தார்.

ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, முன்னதற்கு 0.8 கிராமும் பின்னதற்கு 1.1 கிராமும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அதாவது ஹட்டனில் 12.8, நுவரெலியாவில் 13.1. அப்பெண்ணின் 12.4 இரண்டுக்கும் கீழே கிடக்கிறது. அவளுக்குச் சோகை உண்டு! கொழும்பிலிருந்து நானுஓயாவுக்கு இரயில் ஏறி வந்தாலும், தாளில் அச்சிட்ட 12 தானாக 13.1 ஆகிவிடுவதில்லை.

சோகைக்குக் காரணம் பல. மாதப்போக்கு மிகுதி, இரும்புச்சத்துக் குறைந்த உணவு, வெறுங்காலின் வழியே புகும் கொழுக்கிப்புழு ஆகியன அவற்றுட் சில. உணவோடு அருந்தும் தேநீரும் இரும்பு உடலிற் சேர்வதைக் குறைக்கும். தேயிலை பறிப்பவளுக்கு இது சற்றுக் கொடுமையான செய்திதான். தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்தினாற் போதும்.

ஆயினும், சோகை யாவும் இரும்புக் குறைவால் வருவதன்று. தாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குதல் தகாது. உடலிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம். அங்கேயும் ஒப்பீடு உண்டு. வளர்ந்தோர்க்கு லீற்றருக்கு 15 மைக்குரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைவு. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது பெரிட்டின் உயர்ந்து காட்டுமாதலால், அப்போது 70க்குக் குறைந்தாலே ஐயுறல் வேண்டும். இரத்தம் கொடுக்கும் நாளில் காய்ச்சல் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுக.