கண் சிவப்பும் களிம்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய புலவர் கண்ணகியின் கண்ணீரைப் பற்றி அழகுறப் பேசினார். நானோ கண்ணில் கட்டும் பீளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுவையில் இது பெரிய இறக்கந்தான். ஆயினும் செயலாளர் அவர்கள், “முப்பத்தைந்து ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவர் நீங்கள், குடும்பங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் எழுதியதை எடுத்துக் கொடுப்பது என் தொழில். எழுதாததையும் எடுத்துக் கொடுத்த நாட்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தை மாதம். நம் காலனியில் வாழ்ந்த அன்பர் ஒருவர் அறுவடைக்கென்று திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குச் சென்று திரும்பியிருந்தார். களத்தில் நெல் தூற்றும்போது உமி ஒன்று கண்ணில் பட்டதாம். கண் சிவந்து, நீர் வடிந்தபடி என் கடை வாயிலில் நின்றார். “அண்ணாச்சி, போன மாதம் பிள்ளைக்குக் கொடுத்தீர்களே, அந்த டியூபையே கொடுங்கள், ஒரே நாளில் கேட்டது” என்றார். கடையில் கூட்டம். நானும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து, சிவப்புத் தணிந்தது, வலி குறைந்தது என்று நன்றி கூறினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் மீண்டும் வந்தார். கருவிழியின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. உடனே கண் மருத்துவரிடம் ஓட்டினேன். சுரண்டி எடுத்துச் சோதித்ததில் பூஞ்சைக் காளான் என்று தெரிந்தது. பல வாரம் மருந்திட்டுக் கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வையைக் காப்பாற்ற இயலவில்லை. அந்தக் கண்ணுக்கு எதிரே விரல்களை நீட்டினால் எண்ணுவார், அவ்வளவே. இன்றும் என்னைக் கண்டால் “அண்ணாச்சி” என்றுதான் அழைக்கிறார். அவர் வைதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் கொடுத்த டியூபில் இருந்தது யாது? இரண்டு மருந்துகள். ஒன்று பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக். குளோரம்பினிகால், நியோமைசின், பாலிமிக்சின், டோப்ராமைசின் என்று அதற்குப் பல பெயர். மற்றொன்று ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தாசோன், பெட்டாமெத்தாசோன், பிரெட்னிசொலோன் என்பன அந்த இனத்தவை. 1948இல் அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபெல் பரிசு கிடைத்தது. அருமருந்து என்பதில் ஐயமில்லை.

ஆனால் அது செய்யும் வேலையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கண் சிவப்பதும், வீங்குவதும், நோவதும் கிருமியோடு நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்துகிறது. கிருமியை நிறுத்துவதில்லை. ஆன்டிபயாடிக் உடனிருக்கிறதே என்பீர்கள். அது பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். காளானும் வைரசும் அதற்குக் கட்டுப்படா. ஆகவே காளான் புகுந்த கண்ணில் இக்களிம்பைத் தடவினால், காவற்காரனைக் கட்டிப்போட்டுத் திருடனுக்குக் கதவு திறந்த கதையாகிறது. சிவப்பு மட்டும் எந்நோயிலும் குறைந்துவிடும். அதனால்தான் “ஒரே நாளில் கேட்டது” என்ற சொல்லைக் கேட்டால் இப்போது எனக்கு அச்சம் உண்டாகிறது. உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் ஹெர்பீஸ் வைரசு கண்ணிலும் வரும். அதற்கு உரிய மருந்தின்றி ஸ்டீராய்டை மட்டும் இட்டால் கருவிழிப் புண் பரவிவிடும்.

சரி, பாக்டீரியாதான் என்று உறுதியாகிவிட்டால் ஸ்டீராய்டு சேர்ப்பது நன்றா? இதனைச் சோதித்தவர்கள் நம் நாட்டவரே. மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத தமிழர் இரார். அங்கும், அதன் கிளைகளிலும், அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து, பாக்டீரியாவால் கருவிழியில் புண் கண்ட 500 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2012இல் வெளியாயிற்று. கிருமியைச் சோதனையில் உறுதி செய்து, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் சொட்டிய பிறகே, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு வெறும் சொட்டுநீரும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஒட்டுமொத்தமாகப் பார்வையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வுக்கூடமும் விளக்கும் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் காத்திருந்து கொடுத்தபோதே நிலைமை இது. நானோ கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் கொடுத்தேன்.

2013இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு காளான் புண்ணைப் பற்றியது. அதில் நாட்டாமைசின் என்னும் பழைய சொட்டு மருந்து, விலை மிகுந்த புதிய மருந்தைவிடச் சிறந்தது என்று கண்டார்கள். மருந்து இல்லாமல் இல்லை. நோய் இன்னதென்று அறிவதற்குள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமலிருப்பதே கடினம். வயலிலும் களத்திலும் இலை, உமி, வைக்கோல் பட்டு வரும் புண்ணில் காளான் மிகுதி. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நம்மவர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இனி “மெட்ராஸ் ஐ”. நம் ஊர்ப் பெயரை இந்நோய்க்கு இட்டு அழைப்பது எனக்கு எப்போதும் சிறிது மனக்குறையே. இங்கே மராத்தி அயலார் “டோளே ஆலே”, அதாவது “கண் வந்துவிட்டது”, என்பார்கள். 1971இல் பம்பாயில் பரவியது. 2023 மழைக்காலத்தில் மகாராட்டிரம் முழுவதும் பரவியதைச் சிறுவரும் அறிவர். இத்தகைய கொள்ளைக் கண்ணோய் பெரும்பாலும் வைரசினால் வருவது. ஆன்டிபயாடிக் அதனை ஒன்றும் செய்யாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், தனித் துவாலையும், கை கழுவுதலும், பொறுமையும் போதும். பெரும்பாலோர்க்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். பாக்டீரியாவால் வரும் சாதாரணக் கண்வலியில் இமைகள் மஞ்சட் பீளையால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருத்துவர் எழுதித் தரும் தனி ஆன்டிபயாடிக் களிம்பே பெரும்பாலும் போதுமானது. கண்ணில் அறுவை நடந்த பின்னும், வேறு சில வீக்கங்களிலும் இருமருந்துக் களிம்பை மருத்துவரே எழுதுவார். அப்போது அஞ்சாமல் இடுங்கள். சொன்ன நாள் வரை இடுங்கள். நீங்களாக நீட்டிக்கவும் வேண்டா, நிறுத்தவும் வேண்டா.

தாய்மார்களுக்கு ஒரு தனிச் சொல். கோடைதோறும் கண் அரிப்பால் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் நம் கட்டடங்களில் பலர். ஸ்டீராய்டு இட்டால் அரிப்பு அடங்கும், பிள்ளை உறங்கும். பிறகு ஆண்டுதோறும் பழைய சீட்டைக் காட்டி அதே டியூபை வாங்குவீர்கள். பல வாரம் தொடர்ந்து இட்டால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். வலியிராது, சிவப்பிராது, பார்வை நரம்பு மட்டும் ஓசையின்றிப் பட்டுப்போகும். அதுவே கிளாக்கோமா. இழந்த பார்வை திரும்புவதில்லை. கண்புரையும் இளம் வயதிலேயே வரலாம். பத்து நாளுக்கு மேல் ஸ்டீராய்டு இட நேர்ந்தால் கண்ணழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூசவேண்டா.

களிம்பை இடும் முறையிலும் தவறுகள் பல. கையைக் கழுவிக்கொண்டு, கீழிமையை மெல்லக் கீழே இழுத்து, அந்தப் பள்ளத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான இழையாகப் பிதுக்கி, கண்ணை ஒரு நிமிடம் மூடியிருக்க வேண்டும். டியூபின் முனை இமையிலோ விரலிலோ படலாகாது. சொட்டு மருந்தும் உண்டென்றால் அதை முதலில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. சற்று நேரம் பார்வை மங்கும். அப்போது மாடிப்படி இறங்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். ஒருவர் டியூபை மற்றவர் தொடலாகாது. திறந்து ஒரு மாதம் ஆனதை எறிந்துவிடுங்கள். நாம் பத்து ரூபாய்ப் பொருளையும் எறிய மனம் வராதவர்கள். இதில் மட்டும் தாராளமாக இருங்கள்.

கண்ணில் உண்மையான வலி, வெளிச்சம் பொறாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அடிபட்ட கண், காண்டாக்ட் லென்ஸ் அணிந்த கண், பச்சிளங் குழந்தையின் பீளை, இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைக்குச் செல்லாதீர்கள். என்னைப் போன்றவன் அங்கே நிற்பான். அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தனி மருத்துவருக்குப் பணமில்லையெனில் சயான் மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நில்லுங்கள்.

நாடகம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலோ, குளிர்பெட்டிக் கதவிலோ பழைய கண் டியூப் இருக்கும். அருகில் வீடுள்ளவர்கள் போய் எடுத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் பூதக் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்கு இடப்புறம் அமர்ந்து, எதில் என்ன மருந்து இருக்கிறதென்று படித்துச் சொல்லுகிறேன்.