உளியும் பிள்ளையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளை விரலை வெட்டிக்கொள்ளுமே என அஞ்சி, மழுங்கிய உளியையே கொடுப்பார் நம்மிற் பலர். இது பெரும்பிழை. மழுங்கிய உளி மரத்திற் பதியாது வழுக்கும். பிள்ளை பலங்கொண்டு அழுத்த, அது கையிற் பாயும். ஆதலின் தீட்டிய உளியையே கொடுமின். மரத்தை அசையாது பிணித்து, இரு கைகளும் உளிவாய்க்குப் பின்னேயே நிற்கப் பழக்குமின். முதல் மாதம் தீட்டக் கற்பதிலேயே கழியினும் நன்றே.

நிற்க. 1953-இல் சென்னை இராஜ்யத்தில், அரைநாட் பள்ளியும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலும் என வகுத்த திட்டம், குலக்கல்வியெனக் கண்டிக்கப்பெற்று 1954-இல் கைவிடப்பட்டது. அது நியாயமே. பிள்ளையைத் தந்தையின் தொழிலோடு பிணிப்பதை யான் வேண்டேன். கணக்கர் வீட்டுப் பிள்ளையும் உளி பிடிக்கட்டும். தச்சர் வீட்டுப் பிள்ளை பள்ளியை ஒருநாளும் விடற்க. பெண்மக்களை விலக்குவாரும் உளர். எம் வீட்டு நாற்காலியின் ஆடுங்காலைச் செப்பஞ்செய்தவள் என் மகளே. யான் விளக்குப் பிடித்தேன்.