வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கான முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் ஒன்னில் புவியியல் எடுக்கப்போகிறேன் என்றால், "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்பார்கள். என்னையும் கேட்டார்கள். மார்க் குறைந்த பிள்ளைகளுக்கான குரூப் என்று அதை ஒதுக்குகிறார்கள். பல பள்ளிகளில் அந்தப் பாடமே கிடையாது. நான் அதைத்தான் எடுத்தேன். இன்று அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்த இரண்டு வருடப் படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதான்: சாதி நிலத்தில் இருக்கிறது, அதை அளந்து காட்ட முடியும்.

என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மனிதக் குடியிருப்புகள் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு வகைக் கிராமத்தில் நிலமுள்ள ஆதிக்கச் சமூகம் நடுவிலும், கீழ்த்தட்டு மக்கள் வெளி விளிம்பிலும் இருப்பார்கள் என்கிறது. தள்ளி வாழ்வோர் தாமாகவும் விலகியிருக்கலாம், கட்டாயத்தாலும் இருக்கலாம் என்கிறது. தாமாக விலகிப்போன சேரி எது தோழர்களே? தெற்கு அபசகுனமான திசை, எனவே தீண்டப்படாதோர் தெற்கில்தான் குடியிருக்க வேண்டும் என்ற ஊர் விதியை அம்பேத்கர் எழுதிக் காட்டியிருக்கிறார். திசையைக்கூட ஊர்தான் முடிவு செய்தது.

அளவை என்பதையும் படிப்பீர்கள். 1:50,000 நிலப்படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஊருக்கும் சேரிக்கும் 200 மீட்டர் தூரம் என்றால், படத்தில் அது வெறும் 4 மில்லிமீட்டர். தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்பது அந்த 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சிறிய அளவைப் படத்தில் நம் வாழ்க்கை தெரியாது. பெரிய அளவைப் படத்தை நாம்தான் வரைய வேண்டும்.

இது தேர்வுக்கான விஷயம் மட்டுமல்ல. 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் இன்று பெருமளவு பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்கும் போராட்டத்தில், 1994-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிலத்தைக் கேட்க முழக்கத்தோடு புல எண்ணும் வேண்டும். பழைய பதிவேட்டின் எண்ணை இன்றைய உட்பிரிவு எண்ணோடு பொருத்த வேண்டும். 'அ' பதிவேடும் புலப்படமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. வாசிக்கத் தெரிந்த ஆள்தான் நம் தெருக்களில் குறைவு.

எனவே புவியியல் எடுங்கள். உங்கள் பள்ளியில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று தலைமையாசிரியரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். வேறு குரூப் எடுத்தாலும், இந்த விடுமுறையில் கைப்பேசியோடு உங்கள் ஊரை ஒருமுறை சுற்றி நடங்கள். குழாய், கடை, சுடுகாட்டுப் பாதை, மழைநீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு அந்தப் படத்தோடு கிராம சபைக்குப் போங்கள். பேச்சை மறுப்பவர்கள், அளந்து வைத்த தூரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.