எழுபது முறை ஏழு
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



தீங்கிழைத்தவனை ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு வினவினார். எழுபது முறை ஏழு என்றார் இயேசு பெருமான். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்குவதில்லை. எண்ணுவதையே விட்டுவிடு என்பது அதன் பொருள்.

இது நடைமுறைக்கு ஒவ்வுமா? நம் நாட்டிலேயே வாழ்ந்து காட்டியவர் உண்டு. தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்ப்பூரில், சிறுவரான மைந்தர் இருவருடன் மோட்டார் வண்டியில் உறங்குகையில் உயிரோடு எரிக்கப்பட்டார். துணைவியார் கிளாடிஸ் அம்மையார் கொலைஞரை மன்னித்தார். பாரிபதாவில் தங்கித் தொண்டைத் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டித்தது. அம்மையார் பகையைச் சுமக்கவில்லை. தண்டனை அரசின் கடமை. மன்னிப்பு நம் கடமை.

1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டார்மீது வெறுப்பு மூண்டபோது, சயானிலும் மாதுங்காவிலும் நம் முன்னோர் வசைமொழி கேட்டனர். நாமும் கேட்டதுண்டு. பயணச்சீட்டுச் சாளரத்தில் நம்மை ‘மதராசி’ என ஏசிய ஒருவர், மறுவாரம் மீதிப் பணத்தை மறந்து நடந்தார். அழைக்க முதலில் மனம் வரவில்லை. பின்னர் அழைத்துக் கொடுத்தோம். அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

அம்மையார் துயர் மலையெனில் நம் துயர் கடுகு. அக்கடுகையேனும் மன்னிக்கக் கற்போமாக.