கதிர் காத்திருக்காது: அறுவடை இயந்திரம் யார் கையில்?

(தாராவியில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மும்பையில் அமர்ந்துகொண்டு நெல் அறுவடை இயந்திரத்தைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் சீட்டா கேம்ப்பிலும் வாழ்கிற நம்மில் பலர் வயலிலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தாமிரபரணிப் பாசனத்தில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இன்னும் வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. 2018 மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து புறப்பட்ட விவசாயிகளின் நெடும்பயணம், 11 அன்று நமக்கு அருகிலுள்ள சோமையா மைதானத்தில் தங்கி, தேர்வெழுதும் மாணவர்களுக்கு இடையூறு நேரக் கூடாது என்று நள்ளிரவிலேயே ஆசாத் மைதானத்தை நோக்கி நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விவசாயிகளின் பிரச்சினைகளை முழக்கங்களின் அளவில் மட்டும் தெரிந்துவைத்திருப்பது நமக்குப் போதாது.

அறுவடைக் காலத்தில் ஊருக்குப் போனால் தேநீர்க் கடையில் ஒரு விவாதம் காதில் விழும். டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? கிளாஸா, குபோட்டாவா, கர்த்தாரா? எந்தக் கம்பெனிக்காரன் இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் மெக்கானிக்கை அனுப்புகிறான்? நம் தோழர்கள் சிலர் இதைக் கம்பெனி மோகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த விவாதத்துக்குள் வர்க்கப் பிரச்சினை ஒன்று முழுமையாக அடங்கியிருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் இயந்திரத்தின் அளவு. இந்தியாவிலேயே தயாரான முதல் தானியங்கி அறுவடை இயந்திரத்தை 1980-ல் சுவராஜ் நிறுவனம் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்தது. பஞ்சாப் வகை டயர் வண்டிகளின் வெட்டும் பகுதி ஏறத்தாழ 14 அடி அகலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் சராசரி நிலவுடைமை 3.62 ஹெக்டேர், தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர். வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய நம் வயல்களில் அகலமான வண்டி மூலைகளை அறுக்காமல் விட்டுவிடும். அவற்றைக் கையால்தான் அறுக்க வேண்டும். மழை பெய்து சேறாகிவிட்டாலோ டயர் புதைந்துவிடும். அதனால்தான் காவிரிப் படுகையில் ஏழு அடிக்கு உட்பட்ட அகலமும் ரப்பர் பெல்ட்டும் கொண்ட சிறிய வண்டிகள் பரவின. பெல்ட் தன் எடையைப் பரப்பிக்கொள்வதால் ஈர வயலிலும் இறங்கும். அதற்கேற்ப விலையும் வாடகையும் அதிகம். வேளாண்மைப் பொறியியல் துறையே டயர் வண்டிக்கு மணிக்கு ரூ.1,160, பெல்ட் வண்டிக்கு ரூ.1,880 என்று வாடகை வைத்திருந்தது. தனியாரிடம் இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே பெரியதா சிறியதா என்ற கேள்விக்கு விடையை நில அமைப்பும் மழையும் தீர்மானிக்கின்றன. விவசாயிக்குத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. வாடகை மணிக்கணக்கில் என்பதையும் கவனியுங்கள். நிமிர்ந்து நிற்கும் பயிர் ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்றால், மழையில் சாய்ந்த பயிருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். மகசூலை இழந்தவன்தான் கூடுதல் வாடகையும் கட்டுகிறான்.

அடுத்து, கம்பெனி மீதான பற்று. இந்த வண்டிகளைச் சொந்தமாக வைத்திருப்போரில் பெரும்பகுதியினர் பெருநிலக்கிழார்கள் அல்லர். சேலம் மாவட்டம் ஆத்தூர் போன்ற வட்டாரங்களில், சொந்த நிலத்தை அடகு வைத்து, நிதி நிறுவனத்தில் தவணைக்கு வண்டி எடுத்த நடுத்தர விவசாயிகளே அதிகம். பருவத்தைத் துரத்திக்கொண்டு காவிரிப் படுகை, கேரளத்தின் குட்டநாடு, ஆந்திரம், கர்நாடகம் என்று லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு அலைகிறார்கள். 25 லட்சத்துக்கும் மேல் விலையுள்ள வண்டிக்கு ஆண்டில் வேலை கிடைப்பதோ சில மாதங்கள்தான். தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. வெட்டுக் கத்தியோ பேரிங்கோ பெல்ட்டோ போய், உதிரிபாகம் வர மூன்று நாள் ஆகிவிட்டால், அந்தப் பருவத்தின் இலாபம் அதோடு போய்விடும். எனவே அவர் பார்ப்பது எந்த டீலரின் கிடங்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, பழைய வண்டியை விற்றால் என்ன விலை போகும் என்பதைத்தான். பற்று என்று நாம் பெயரிட்டு அழைப்பது பெரும்பாலும் உதிரிபாகத்துக்கான அச்சம்.

கம்பெனிகளுக்கு அத்தகைய பற்று எதுவும் கிடையாது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அறுவடை இயந்திரம் தயாரித்தது. 2022-ல் அதே எஸ்கார்ட்ஸ் ஜப்பானின் குபோட்டா கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டது. சுவராஜின் கதை நமக்கு இன்னும் முக்கியமானது. துர்காபூரிலுள்ள அரசு ஆய்வு நிறுவனம் வடிவமைத்த டிராக்டரை உற்பத்தி செய்ய, 1970-ல் பஞ்சாப் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் முன்னின்று தொடங்கிய நிறுவனம் அது. 2003-ல் அரசு தன் பங்கை விற்றது. 2007-ல் அது மகிந்திராவின் கைக்குப் போனது. பிஞ்சோரில் இருந்த பொதுத்துறை எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. உழவு இயந்திரத்தைப் பொதுத்துறை செய்ய முடியாது என்று நம்மிடம் வாதிடுபவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

டீலரை நம்பி நிற்கும் நிலை நம் நாட்டோடு முடிவதில்லை. அமெரிக்காவில் தன் வயலில் நின்றுபோன ஜான் டீரே வண்டியைத் தானே பழுதுபார்க்க முடியாமல், கம்பெனியின் மென்பொருள் வைத்திருக்கும் டீலருக்காகப் பெரு விவசாயிகளே காத்திருக்கிறார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கென்று பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் வர்த்தக ஆணையமே அக்கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழுவின் பட்டியலில் கைப்பேசி, கார் ஆகியவற்றுடன் விவசாயக் கருவிகளும் இடம்பெற்றன. ஓர் இணைய வாசல் திறந்தார்கள். கொலராடோவைப் போன்ற சட்டம் வரவில்லை.

இனி விவசாயத் தொழிலாளியிடம் வருவோம். இந்த விவாதத்தில் அவர் பெயரே வருவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கீழத்தஞ்சையில் நம் இயக்கம் வளர்ந்தது அறுவடைக் களத்தில்தான். முற்றிய கதிர் காத்திருக்காது. சில நாட்கள் தாமதித்தால் மணி உதிரும், மழை வந்தால் முளைக்கும். ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடக்க வேண்டியிருந்த பண்ணையாள், அந்தச் சில நாட்களில் மிராசுதாரோடு கூலி பேச முடிந்தது. வெண்மணியில் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அதைக் கொடுக்க மறுத்து வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அறுவடை நேரம் யார் பிடியில் இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய கேள்வியாக இருந்தது.

அந்தப் பிடியை அறுவடை இயந்திரம் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்துவிட்டது. தொழிலாளியிடமிருந்து போனது சிறு விவசாயிக்கும் வந்து சேரவில்லை. மேகம் கருக்கும்போது வண்டிக்காக இடைத்தரகரிடம் கெஞ்சி நிற்கிறவர் அவர்தான். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிய மழையில் காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற சம்பா மூழ்கியபோது இதைக் கண்டோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தாமதமான ஒவ்வொரு நாளும் அந்த விதியில் போய் முட்டும். வண்டி உரிமையாளரும் நிதி நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பிடி மேலே மேலே போய், வயலையே பார்த்திராதவர்களின் கையில் முடிகிறது.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்லர். வெயிலில் குனிந்து அரிவாள் பிடித்த முதுகின் வலியை அழகுபடுத்திப் பேசுவது, அந்த வேலையைச் செய்யாதவர்களின் பழக்கம். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அறுப்பு, கட்டு சுமத்தல், களத்துமேட்டு வேலை, கதிர் பொறுக்குதல் ஆகியவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கூலியாக வந்த நெல் வீட்டுச் சோறாக இருந்தது. இயந்திரத்தின் இருக்கையில் ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. இத்தனைக்கும் நடுவே, 2025 டிசம்பரில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம், விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் வேலையை நிறுத்திவைக்க வழி செய்கிறது. அறுவடைக்கு ஆள் வேண்டுமாம்! பெல்ட் வண்டி அறுத்துவிட்டுப் போன வயலில் அந்தப் பெண்களுக்கு எந்த அறுவடை மிச்சமிருக்கிறது?

நாம் வாழும் மராட்டியத்திலும் இதே கதை கரும்பில் தொடங்கியிருக்கிறது. பீட் மாவட்டத்திலிருந்து முன்பணக் கடனில் கட்டுண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே 'கோய்தா' என்று கணக்கிடப்பட்டு வெட்டப் போகும் தொழிலாளர்களின் இடத்துக்குக் கரும்பு அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. வாங்குவோருக்கு 40 சதவீதம், அதாவது 35 லட்ச ரூபாய் வரை அரசு மானியம். மீதித் தொகையைப் புரட்டக்கூடியவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை இழக்கும் கோய்தாவுக்கு அந்த மானியத்தில் ஒரு ரூபாயும் இல்லை.

எனவே நம் சங்கங்களின் கோரிக்கை வாடகைக் குறைப்போடு நிற்கக் கூடாது. ஆட்சியர் கூட்டம் போட்டு வாடகை நிர்ணயிக்கிறார். வண்டி பற்றாக்குறையாகும் வாரத்தில் அந்த நிர்ணயம் காற்றில் பறக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையிடம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போதுமான பெல்ட் வண்டிகள் இருந்தால்தான் தனியார் வாடகையும் கட்டுக்குள் நிற்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் வண்டியும், அதைவிட முக்கியமாக உதிரிபாகக் கிடங்கும் பழுதுபார்க்கும் பட்டறையும் இருக்க வேண்டும். வண்டியை மட்டும் வாங்கி நிறுத்தினால் அடுத்த பருவத்தில் அது கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும். ஓட்டுநர், மெக்கானிக் பயிற்சியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து வைத்தால்தான் இந்தக் கோரிக்கை நிற்கும். தனித்தனியே வைத்தால் ஒன்று வாடகையைப் பேசும், மற்றது கூலியைப் பேசும். இரண்டு பேருக்கும் இடையே டீலர் நிம்மதியாக இருப்பார்.

நெல்லைப் பக்கத்துத் தோழர்கள் பொங்கலுக்குப் போகாவிட்டாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது பிசான அறுவடையை ஒட்டிய காலம். உங்கள் ஊருக்கு வண்டி எங்கிருந்து வந்தது, மணிக்கு எவ்வளவு வாங்கினார்கள், ஆட்சியர் அறிவித்த தொகை எவ்வளவு, பழுதாகி எத்தனை நாள் நின்றது, முன்பு அறுப்புக்குப் போன பெண்கள் இப்போது என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஏப்ரல் மாதக் கிளைக் கூட்டத்தில் அவற்றைத் தொகுத்து, ஊரிலுள்ள சங்கத் தோழர்களுக்கு அனுப்பிவைப்போம்.