சிறு ஏஜென்சி உரிமையாளரும் தலைமைப் பொறுப்பும்

சிறிய விளம்பர ஏஜென்சி தோன்றும் விதம் நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். பெரிய ஏஜென்சி ஒன்றில் ஓவியராகவோ, வாசகம் எழுதுபவராகவோ, பத்திரிகைகளில் இடம் வாங்கித் தருபவராகவோ சில ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், தம்மை நம்பும் ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களின் துணையுடன் தனியே தொழில் தொடங்குகிறார். வாடகைக்கு இரண்டு அறைகள், உதவிக்கு ஓரிருவர், அவ்வளவுதான். வங்கிக்கு ஈடாகக் காட்டத்தக்க இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. கைத்திறன் ஒன்றே அவருடைய மூலதனம். வாசகத்தை அவரே எழுதுகிறார். படத்தை அவரே திருத்துகிறார். பில்லை எடுத்துக்கொண்டு வசூலுக்கும் அவரே போகிறார்.

தொடக்கத்தில் இது குறையன்று. வாடிக்கையாளர் அவரை நாடி வருவதே இதற்காகத்தான். ஆனால் ஏழாவது, எட்டாவது ஊழியர் சேரும்போது நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு படமும், ஒவ்வொரு வரியும் உரிமையாளரின் மேசையில் வந்து காத்துக் கிடக்கிறது. அவர் வெளியூர் சென்றால் அலுவலகமே நின்றுவிடுகிறது. இதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று: எப்படி எழுதினாலும் உரிமையாளர் மாற்றத்தான் போகிறார் என்று அறிந்துகொண்ட இளைஞர், தம் அறிவைச் செலவிடுவதை நிறுத்திக்கொள்கிறார். திறமையுள்ளவர் விலகிவிட, சொன்னதைச் செய்பவர் மட்டுமே தங்குகிறார். தமக்கு வாய்த்த ஆட்கள் சரியில்லை என்று உரிமையாளர் வருந்துகிறார். அத்தகைய ஆட்களே தங்கும்படியான சூழ்நிலையை உருவாக்கியது தம் கைத்திறனே என்பது அவருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

நல்ல தொழிலாளி தலைவராக வளர்வதில் உள்ள சிக்கல் இதுதான். அவர் எதில் சிறந்தவரோ அதையே பிறரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஒப்படைப்பது என்றால், தாம் செய்திருந்தால் இன்னும் சற்று நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் வேலையையும் வெளியே அனுப்பச் சம்மதிப்பது. இதற்குப் பயிற்சியைக் காட்டிலும் மனத்துணிவே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

அமுல் வெண்ணெய் விளம்பரங்களின் வரலாறு இதற்குப் பொருத்தமான சான்று. 1966ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயில் சில்வெஸ்டர் டகுன்ஹா, ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் ஆகிய இருவரும் அமுல் சிறுமியின் உருவத்தைப் படைத்தனர். அன்றாடச் செய்திகளைக் கேலியும் சிலேடையுமாகச் சொல்லும் அவ்விளம்பரங்கள் சூட்டோடு சூடாக வெளிவந்தால்தான் பயன். ஒவ்வொன்றையும் ஆனந்துக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றுக்கொண்டிருந்தால் செய்தி ஆறிப்போயிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தை நடத்திவந்த டாக்டர் வர்கீஸ் குரியன், முன் ஒப்புதல் இன்றியே விளம்பரங்களை வெளியிடும் உரிமையை டகுன்ஹாவுக்கு அளித்தார். பால் உற்பத்தியாளரின் பணத்தைக் கையாளும் ஒரு நிர்வாகி இவ்வாறு செய்தது சிறிய காரியமன்று. பின்னர் டகுன்ஹா 1969இல் சொந்த ஏஜென்சியைத் தொடங்கினார். 1990களில் அவருடைய மகன் ராகுல் அப்பணியின் பொறுப்பை ஏற்றார். எழுதும் கையும் வரையும் கையும் மாறின, சிறுமி மாறவில்லை. சில்வெஸ்டர் டகுன்ஹா 2023 ஜூன் மாதத்தில் காலமானார். விளம்பரங்கள் தொடர்ந்து வெளிவருகின்றன.

ஒப்படைக்கக் கூடாத வேலைகளும் உண்டு. அவற்றுள் முதன்மையானது பணம் பற்றிய முடிவு. பத்திரிகை விளம்பரத்தில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு மரபாகக் கிடைக்கும் கமிஷன் 15 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் விளம்பரத்தில் 15,000 ரூபாய் ஏஜென்சிக்கு. மீதி 85,000 பத்திரிகைக்கு. வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் பத்திரிகைக்குரியதைக் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஒரு வாடிக்கையாளர் கைவிரித்தால், அந்த 85,000 ரூபாயை ஈடுசெய்ய அதே அளவிலான விளம்பரங்கள் ஏறக்குறைய ஆறு வேண்டும்! தம்மைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனத்துக்குச் சிறிய ஏஜென்சி கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பாக்கி வைக்கும் பெரிய வாடிக்கையாளரை இழக்கத் துணிவதா, மாதக் கடைசியில் ஊழியரிடம் சம்பளத்துக்குத் தவணை சொல்வதா என்ற கேள்விக்கு உரிமையாளரைத் தவிர வேறு எவரும் விடை கூற முடியாது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழில்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குரிய தொகையை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பினும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கலாகாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். சட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் தம் வாடிக்கையாளர் மீது முறையிடத் துணியும் சிறு உரிமையாளர் அரியர். முறையிட்ட மறுநாள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சம் சட்டப் புத்தகத்தால் தீர்வதன்று. ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழாதிருப்பதுதான் அதற்கு மருந்து. அந்த மாற்று வாடிக்கையாளர்களைத் தேடிச் செல்ல உரிமையாளருக்கு நேரம் வேண்டும். அவரோ படம் திருத்திக்கொண்டிருக்கிறார்.

பத்துப் பேர் பணியாற்றும் நிலையில் தொழிலாளர் காப்புறுதியும் பணிக்கொடைப் பொறுப்பும், இருபது பேர் என்றால் வருங்கால வைப்பு நிதியும் பொதுவாக வந்து சேர்கின்றன. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையாளர்கள் இதைச் சிக்கனம் என்பர். ஊழியர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொள்வார்.

அகமதாபாத்தில் 1980ஆம் ஆண்டு ஏ. ஜி. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய முத்ரா ஏஜென்சி இவ்வகையில் கருதத்தக்கது. ரிலையன்ஸ் நிறுவனத்தின் விமல் துணிகளே அதன் தொடக்க கால ஆதாரம். ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருந்தால் என்றும் அந்நிறுவனத்தின் விளம்பரப் பிரிவாகவே கருதப்படும் நிலை. ரஸ்னா போன்ற பிற பொருள்களுக்கும் விளம்பரம் செய்து அந்த வட்டத்தை விட்டு முத்ரா வெளிவந்தது. மற்றோர் இடையூறும் இருந்தது. விளம்பரத் தொழிலின் மையம் பம்பாய். அங்குள்ள தேர்ந்த கலைஞர்களை அகமதாபாத்துக்கு அழைத்துவருவது எளிதன்று. இளைஞர்களை எடுத்துப் பழக்குவதே வழியாயிற்று. 1991இல் அந்நகரில் தகவல் தொடர்புக் கல்விக்கென ஒரு கல்லூரியையே முத்ரா நிறுவியது. மைக்கா என இன்று அறியப்படுவது அதுவே. தம்மால் செய்யக்கூடியதைப் பிறர் செய்யும்படி ஆக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. எல்லாச் சிறு ஏஜென்சிகளும் கல்லூரி நடத்த இயலாதுதான். வாரத்தில் ஒரு நாள் பிற்பகலை இளையவர்களின் படங்களை அவர்களோடு அமர்ந்து பார்ப்பதற்கு ஒதுக்கலாம். திருத்துவது வேறு, ஏன் திருத்த வேண்டும் என்று சொல்லித்தருவது வேறு.

சிறுதொழிலை ஊக்குவிக்கும் அலுவலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதில் உண்டு. கடன் விண்ணப்பத்தில் வரவுசெலவு, சொத்து, உத்தரவாதம் எல்லாம் கேட்கப்படுகின்றன. உரிமையாளர் ஒரு மாதம் நோயுற்றால் யார் முடிவெடுப்பார் என்றும் அலுவலர் விசாரிக்கலாம். தொழில் முனைவோர் பயிற்சிகளிலும் உரிமையாளரே அழைக்கப்படுகிறார். அவருக்கு அடுத்த நிலையில் உள்ள ஊழியரையும் உடன் அனுப்பக் கோரலாம். அவருக்கான கட்டணத்தில் ஒரு பகுதியைத் திட்ட நிதியிலிருந்தே ஏற்கலாம். பயிற்சி முடிந்து திரும்பிய பின் இருவரில் யார் எதைச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னால், அந்தத் தாள் கடன் கோப்பில் இருக்கத்தக்க ஆவணமே.