நீரிணையின் தென்கரை: செம்பவாங் கடற்படைத் தளத்தின் வரலாறு

பெர்மாஸ் ஜெயாவுக்கு எதிரே, ஜொகூர் நீரிணையின் தென்கரையில் செம்பவாங் கப்பல் பட்டறை இருக்கிறது. சூயஸுக்குக் கிழக்கே பிரிட்டன் பெரும் பொருட்செலவில் கட்டிய கடற்படைத் தளம் அமைந்த இடம் அதுவே. தளம் சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும், அது எழுந்ததற்கும் வீழ்ந்ததற்குமான காரணங்கள் ஜொகூர்க் கரையைச் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் கடற்படை வேகமாக வளர்ந்தது. பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்களோ ஐரோப்பியக் கடல்களிலேயே நின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தக்க துறை கிழக்கில் இல்லை. போர் மூண்டால் கப்பற்படையைக் கிழக்கே அனுப்பி நிறுத்துவதற்கென 1921இல் லண்டன் அமைச்சரவை சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தது. தீவின் தெற்கே கெப்பல் துறைமுகத்தில் வணிகக் கப்பல்களின் நெரிசல். திறந்த கடலிலிருந்து குண்டு எட்டும் தொலைவு வேறு. வடகரையில் ஆழமான நீர் இருந்தது. ஜொகூர் நிலமும் சிங்கப்பூர்த் தீவும் இருபுறமும் அரணாக நின்று காற்றையும் அலையையும் தடுத்தன. 1923இல், ஜொகூரையும் சிங்கப்பூர்த் தீவையும் இணைக்கும் அணை போன்ற ஜொகூர் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியபோது நீரிணையின் மேற்குவழி அடைபட்டிருந்தது. அதன்பின் தளத்துக்கு வரும் கப்பல்கள் கிழக்கே சாங்கிப் பக்கமிருந்தே நுழைய வேண்டியிருந்தது.

வேலை விட்டுவிட்டுத்தான் நடந்தது. 1924இல் தொழிற்கட்சி அரசு அதை நிறுத்தியது. அடுத்து வந்த பழமைவாதக் கட்சி மீண்டும் தொடங்கியது. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்த பிறகே முழு வேகம் பிடித்தது. சதுப்பு நிலமும் ரப்பர்த் தோட்டமுமாக இருந்த கரை மண் நிரப்பி மேடாக்கப்பட்டது.

முதலில் வந்து சேர்ந்தது மிதக்கும் கப்பல்துறை. இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட அது, இழுவைக் கப்பல்களால் சூயஸ் வழியாக இழுத்து வரப்பட்டு 1928இல் செம்பவாங்கை அடைந்தது. அதன் அடியிலும் பக்கங்களிலும் உள்ள அறைகளில் நீரை விட்டால் துறை அமிழும். கப்பல் உள்ளே மிதந்து வரும். நீரை வெளியேற்றினால் துறை கப்பலோடு மேலெழும். 50,000 டன் எடையை இப்படித் தூக்க முடிந்தது. கரையில் தோண்டப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையின் நீளம் சுமார் 1,000 அடி. ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதை 1938 பிப்ரவரி 14இல் திறந்து வைத்தார். தளத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 6 கோடி பவுன் எனப்படுகிறது. கூட்டு மலாய் மாநிலங்கள் 20 லட்சம் பவுன் கொடுத்தன. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 1935இல் 5 லட்சம் பவுன் வழங்கினார். சாங்கியில் நிறுத்தப்பட்ட 15 அங்குலப் பீரங்கி அணி 'ஜொகூர்' என்றே பெயர் பெற்றது.

அப்பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்பவே முடியாது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது சரியன்று. ஜொகூர் அணியின் பீரங்கிகளைத் திருப்ப முடிந்தது. ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்யப்பட்டவை, காலாட்படைக்கு எதிராக அதிகம் உதவாதவை. உண்மையான பிழை வேறு. எதிரி வடக்கே தரையிறங்கி ஜொகூர் வழியாக வரக்கூடும் என்று மலாயாவின் படைத்தலைவர் வில்லியம் டாபி 1930களின் பிற்பகுதியிலேயே எச்சரித்தார். ஜொகூரில் அரண்கள் கட்ட 60,000 பவுன் ஒதுக்கப்பட்டும், அதில் பாதிகூடச் செலவாகவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய துறைக்கு எதிர்க்கரையைக் காக்கும் சிறு தொகையை மிச்சம் பிடித்தது மன்னிக்க முடியாத அலட்சியம்.

1941 டிசம்பர் 2இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் பெருங்கப்பல்கள் செம்பவாங் வந்தன. எட்டு நாளில் இரண்டும் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. டாபி எச்சரித்தபடியே எதிரி வடக்கிலிருந்து ஜொகூர் வழியாக வர, 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுத் தீவுக்குள் பின்வாங்கியது. ஜப்பானியத் தளபதி யமாஷிதா ஜொகூர் பாருவின் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து நீரிணையை நோட்டமிட்டார். எதிர்க்கரைப் பீரங்கிகள் எட்டும் தொலைவில் கிடந்த தளம் பயனற்றுப் போனது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. 1945 ஜூலை இறுதியில், அதே நீரிணைக்குள் பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி ஒன்று புகுந்து, 'தகாவோ' என்ற ஜப்பானியக் கப்பலின் அடியில் வெடிமருந்து வைத்தது.

போருக்குப் பின் தளம் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. தமிழரும் மலையாளிகளும் அவர்களில் கணிசமானோர். 'நேவல் பேஸ்' என்றாலே வேலையும் குடியிருப்பும் சேர்ந்த ஓர் ஊரைக் குறித்தது. தொழிற்சங்கமும் அங்கே வலுவாக வளர்ந்தது. சந்திரசேகரன் வுட்ஹல் அதன் செயலாளராக இருந்தார். ஆகவே 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தபோது, நடுங்கியது சிங்கப்பூர் அரசு மட்டுமல்ல, தளத்தை நம்பியிருந்த ஒவ்வொரு குடும்பமும்தான். அவ்வாண்டு டிசம்பரில் கப்பல்துறை பெயரளவான ஒரு டாலருக்குச் சிங்கப்பூர் வசமானது. செம்பவாங் ஷிப்யார்டு நிறுவனம் அதை வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றியது. ராணுவத் துறையில் பழகிய கைகள் எண்ணெய்க் கப்பல்களைச் செப்பனிடத் தொடங்கின.

தளத்துத் தொழிலாளர் செம்பவாங்கில் வழிபட்ட பாலசுப்பிரமணியர் கோயில் பின்னர் ஈசூனுக்கு இடம் மாறியது. அதன் பங்குனி உத்திரத் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.